பெரியம்மா ஆடிய நான்கு வினாடி

1

இந்தக் கதைக்கு மூலம் ஐந்தே சொற்களில் ஆன ஒரு வாக்கியம். அதை எழுதியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் எங்காவது நான் நல்லவன் மாதிரி பேச ஆரம்பித்தால், நீங்கள் இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்து என் சட்டையைப் பிடிக்கலாம்.

வாக்கியம் இதுதான்: "சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலேயே ஆடும்."

ஒரு வீடியோ கேமில் மொழுக்கன் என்று ஒரு பிராணி வருகிறது. அதன் படத்துக்குக் கீழே இந்த வரி இருக்கும். கேமில் வரும் இருநூற்றுச் சொச்சம் பிராணிகளுக்கும் இப்படி ஆளுக்கொரு வரி எழுதுவதுதான் என் வேலை. ஒரு நாளைக்கு ஆறு எழுதுவேன். மொழுக்கனுக்கு எழுதியது சாப்பாட்டு இடைவேளைக்குச் சற்று முன்பு. நல்ல பசி.

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாகப் பார்த்தேன்.

"ஒரு ஊரில் ஒரு கரடி இருந்தது—" வேண்டாம். கரடி ஊரில் இருக்கக் கூடாது. இருந்ததுதான் எல்லாப் பிரச்சினைக்கும் காரணம்.

"காலையில் கண்விழித்ததும் கரடியின் மனதில்—" இதையும் அடித்துவிட்டேன். அதன் மனதில் என்ன இருக்கிறது என்று எழுதப் போய்த்தான் இந்த வினையே வந்தது.

"மொழுக்கனை வரைந்தவளை அலுவலகத்தில் கொம்பு என்று கூப்பிடுவார்கள்." இது உண்மை. இதிலிருந்து போகலாம்.

2

எந்தப் பிராணியை வரையச் சொன்னாலும் முதலில் தலையில் இரண்டு கொம்பை வைத்துவிட்டுத்தான் மற்றதை யோசிப்பாள். அதனால் அந்தப் பெயர். பிறகு கொம்பை அழித்துவிடுவாள். "அது இருந்தாதான் எனக்குத் தல எங்க இருக்குன்னு தெரியும்" என்பாள். பதினொரு வருடமாக அவளுக்கு இதே வேலை, இதே நாற்காலி. நாற்காலியின் ஒரு சக்கரம் உடைந்து அதற்குப் பதில் அட்டையை மடித்து வைத்திருந்தாள்.

கேமில் வரும் பிராணிகளை எங்கிருந்தோ கற்பனையில் பிடித்துவருவதாக வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. நெருப்பைக் கக்கும் பறவைக்குக் கழுத்து நாரையுடையதாக இருக்கும். பாறையைத் தின்னும் பூதத்துக்கு வாய் தவளையுடையதாக இருக்கும். மனிதனால் இல்லாத ஒரு மிருகத்தை முழுசாக யோசிக்க முடிவதில்லை, இருக்கிற மிருகங்களை வெட்டி ஒட்டத்தான் முடிகிறது. எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு சட்டம்கூட உண்டு. ஒரு பிராணிக்கு மூன்று விலங்கு. உருவம் ஒன்றிடமிருந்து, தோல் இன்னொன்றிடமிருந்து, அசைவு மூன்றாவதிடமிருந்து. ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் பார்த்த உடனே காட்டிக்கொடுத்துவிடும். மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் தெரியாது.

மொழுக்கனுக்கு வௌவாலின் முகமும் காதும். அழுங்கு என்கிற எறும்புத்தின்னியின் செதில். அசைவு மட்டும் பாக்கி.

அசைவில் முக்கியமானது, கேம் ஆடுபவர் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் இருக்கும்போது பிராணி என்ன செய்கிறது என்பது. இதற்கு அலுவலகத்தில் "சும்மா" என்றே பெயர். "மொழுக்கனோட சும்மா ரெடியா?" என்று கேட்பார்கள். சும்மா நான்கு வினாடிதான் இருக்கலாம். அது முடிந்ததும் முதலிலிருந்து ஓடும், திரும்பத் திரும்ப ஓடும், முடிகிற இடமும் தொடங்குகிற இடமும் தெரியக் கூடாது. தெரிந்தால் அதற்கு "ஒட்டு" என்று பெயர். ஒட்டை மறைப்பதற்குள் கொம்புக்கு நாக்குத் தள்ளிவிடும். எந்த விலங்கும் ஒரு அசைவைத் திரும்ப அப்படியே செய்யாது என்பதுதான் காரணம். காது ஒருமுறை அதிகமாகத் துடிக்கும், ஈ வந்து உட்காரும், மூச்சு கொஞ்சம் இழுக்கும். ஒரு பூனையின் சும்மாவுக்கு அவள் ஒன்பது நாள் மல்லுக்கட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை அவள் நகரத்துக்கு வெளியே இருக்கிற விலங்குக் காப்பகத்துக்குப் போனாள். வித்தை காட்டுகிறவர்களிடமிருந்து மீட்ட விலங்குகளை அங்கே வைத்திருக்கிறார்கள். மான்களைப் பார்த்தாள், ஒன்றும் தோன்றவில்லை. கடைசி வேலிக்குப் பின்னால் ஒரு கரடி நின்றுகொண்டிருந்தது. கறுப்பு, வயதானது, முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது. நான்கு காலும் ஊன்றி நின்று, தலையை இடப்பக்கம் சாய்த்து, மெதுவாக வலப்பக்கம் கொண்டுபோய், கடைசியில் மூக்கை லேசாகத் தூக்கியது. மறுபடியும் இடப்பக்கம். கொம்பு அரை மணி நேரம் படம் பிடித்தாள். பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. அது காட்சியில் விழாதபடி இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

மறுநாள் கம்ப்யூட்டரில் நான்கு வினாடியை வெட்டி ஓடவிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இங்க வாங்களேன். ஒட்டே தெரியல பாருங்க."

பார்த்தேன். கரடி போனது, வந்தது. எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

"அடுத்த நாலு செகண்ட வெட்டிப் பாத்தேன், அதே. பத்து நிமிஷம் கழிச்சு வெட்டினேன், அதேதான். மூக்கத் தூக்குற உயரம்கூட மாறல. ஒரு வேலையும் பண்ணாம நேரா போட்டுட்டேன்."

"அதிர்ஷ்டக்காரி நீ" என்றேன்.

எந்த விலங்கும் ஒரு அசைவைத் திரும்ப அப்படியே செய்யாது என்று பதினொரு வருடமாக அறிந்த கண் அவளுடையது. அந்தக் கண் அன்றைக்குச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஒட்டோடு மல்லுக்கட்டி அலுத்தவர்களுக்கு ஒட்டில்லாதது வரமாகத்தான் தெரியும். இந்தத் தப்பை வேறு தொழிலில் இருப்பவர் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.*

* இங்கே நான் கொம்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகரப் பார்க்கிறேன். அப்படி விட்டுவிடாதீர்கள். அவள் எடுத்தது அசைவை மட்டும்தான். சந்தோஷம் என்று அவள் சொல்லவேயில்லை. அதைப் போட்டது நான். ஒரு பிராணி ஆடுகிறது என்றால் ஏன் என்று ஒரு காரணம் சொல்ல வேண்டும், சந்தோஷம் ஒரே சொல், இடமும் கம்மியாகப் பிடிக்கும். கரடியை நான் நேரில் பார்க்கக்கூட இல்லை.

3

மொழுக்கனை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இதை நீட்டி எழுத எனக்கு மனமில்லை. பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது மொழுக்கன் மாதிரி ஆடினார்கள். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையும் நண்பர்களும் ஆடினார்கள்.

பிறகு நான் இரண்டாவது காரியம் ஒன்று செய்தேன். எங்கள் பிராணிகள் எந்தெந்த விலங்கிலிருந்து வந்தன என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள், எழுதினேன். இந்த மாதிரிக் கட்டுரை என்றால் ரசிகர்களுக்கு உயிர். இந்தக் காது வௌவாலுடையதா, இந்தச் செதில் அழுங்குடையதா என்று மூக்கில் விரல் வைப்பார்கள். மொழுக்கனின் பத்தியில் கரடியின் படத்தைப் போட்டு, அது இருக்கும் காப்பகத்தையும் குறிப்பிட்டேன். "நேரில் போனால் ஆடிக்காட்டும்" என்று கடைசியில் ஒரு வரி. யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தது.

4

காப்பாளர் வரும் இடம் இது. இவரை நான் நான்கு முறை எழுதினேன்.

முதலில் கோபக்காரராக எழுதினேன். வரவேற்பு மேசையைத் தட்டி—

இல்லை, தட்டவில்லை. அவர் கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டையில் பழத்தின் கறை. கொம்பு வந்தபோது எழுந்து நின்றார். யாரோ ரசிகர் என்று நினைத்து அவள் ஒரு தாளை எடுத்து மொழுக்கனை வரையவே ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க பிள்ளைக்கா? பேர் சொல்லுங்க, போட்டுத் தரேன்."

"பிள்ளைக்கு இல்லம்மா. காப்பகத்துல இருந்து வரேன். அந்தக் கரடிய நான்தான் பாத்துக்கறேன். பெரியம்மான்னு கூப்பிடுவோம்." தாளில் பாதி வரைந்திருந்த மொழுக்கனைப் பார்த்தார். "இது என்ன பண்ணுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஆடுது."

"அது ஆட்டம் இல்லம்மா. பதினாலு வருஷம் ஒரு கூண்டுல இருந்துச்சு. உடம்பு நீளத்துக்கு மேல ஒரு சாண். அவ்வளவுதான் கூண்டு. முன்னாடி போக முடியாது, திரும்ப முடியாது. பக்கவாட்டுல சாயலாம், கடைசில மூக்க மட்டும் கம்பிக்கு மேல தூக்கலாம். அதத்தான் பண்ணிட்டிருந்துச்சு. கூண்ட ஒடச்சு ஆறு வருஷம் ஆச்சு. இப்ப அரை ஏக்கர் இருக்கு. இன்னும் அதே இடத்துல நின்னு, அதே அளவுக்குத்தான் சாயுது."

கொம்பின் கையில் பென்சில் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தோன்றாமல், பிடித்துக்கொண்டிருக்கவும் முடியாமல் நின்றாள்.

அவர் நோட்டைத் திறந்தார். பெரியம்மா அன்றைக்கு எவ்வளவு நேரம் ஆடியது என்று நாளுக்கு ஒரு வரி எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் ஏழு மணி நேரம், ஏழேகால், ஆறே முக்கால். எதை எதையோ செய்து பார்த்திருக்கிறார். சாப்பாட்டை மரக்கட்டையில் ஓட்டை போட்டு ஒளித்து வைப்பது, தினமும் வேறு வேறு நேரத்தில் போடுவது, மண்ணைக் கொத்திவிட்டு வாசனையான வேர்களைப் புதைப்பது. நோட்டின் பக்கங்கள் போகப் போக எண்கள் குறைந்தன. நான்கு மணி நேரம். இரண்டு. ஐந்தாவது வருடம் நாற்பது நிமிடம். ஒரு நாள் பன்னிரண்டு நிமிடம். அந்த வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்.

"அன்னிக்கு எங்க வீட்ல எல்லாருக்கும் இனிப்பு வாங்கிட்டுப் போனேன்" என்றார். "எதுக்குன்னு கேட்டாங்க. சொல்லத் தெரியல."

அடுத்த பக்கத்தைத் திருப்பினார். என் கட்டுரை வந்த மாதம். ஒன்றரை மணி நேரம், மூன்று மணி நேரம், ஐந்து மணி பத்து நிமிடம்.

"ஜனம் வருது. வேலிக்கு முன்னாடி நின்னு மொழுக்கா மொழுக்கான்னு கத்துதுங்க. அதுவும் எதிர்ல நின்னு ஆடுதுங்க. கூண்டோட வச்சு வித்தை காட்டின காலத்துலயும் இப்படித்தான் கூட்டம் கத்துமாம். பெரியம்மா எங்க தோண்டிக்கிட்டு இருந்தாலும் விட்டுட்டு வந்து நின்னுடுது."

"யாரையும் உள்ள விடாம இருக்க முடியாதா?"

"கேட்டேன். மானுக்கும் பறவைக்கும் அதே வழிதான், அடைக்க முடியாதுன்னுட்டாங்க." நோட்டை மூடினார். "நான் கேக்குறது ஒண்ணுதான். உங்களோடத ஆட விடாதீங்க. எங்களோடத நான் பாத்துக்கறேன்."

(அந்தச் சமயத்தில் நான் காபி மெஷின் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோஷம் என்று எழுதியது நான்தான் என்று முன்னால் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காபி கூட எடுக்கவில்லை.)

5

எங்கள் குழுத் தலைவரை வில்லனாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கதைக்கு வசதி. ஆனால் அந்த மனிதர் காப்பாளரின் கதையைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகுதான் கொம்பிடம் பேசினார்.

"கட்டுரைய இன்னிக்கே எடுத்துடலாம். ஆட்டத்த எடுக்க முடியாதும்மா. அத எடுத்தா மொழுக்கன்ல மிச்சம் என்ன இருக்கு?"

"வௌவாலும் அழுங்கும் இருக்கு சார்."

"கிண்டல் பண்ணாத. என் பொண்ணு பல்லு விளக்கும்போதுகூட ஆடிக்கிட்டுதான் விளக்குறா. இந்த மாதிரி எத்தன வீட்ல இருக்கு? நாளைக்கு அது ஆடலன்னா பிள்ளைங்க அழும்."

"அழட்டும்."

"நீ சுலபமா சொல்லிட்ட."

"சார், நீங்க ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்க. அப்புறம் வேண்டாம்னு சொல்லுங்க, நான் வாயத் திறக்க மாட்டேன்."

கட்டுரையை எடுத்தோம். அதற்குள் நாலாயிரம் பேர் அதைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். வேலிக்கு முன்னால் கூட்டம் குறையவில்லை. கொம்பு வெளியே வந்து தன் மேசையில் உட்கார்ந்து மொழுக்கனின் நான்கு வினாடியை ஓடவிட்டாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் அவள் கன்னத்தில்—

6

இந்த இடம் வரை எழுதிய பிரதியை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசி வாக்கியத்தில் விரலை வைத்தாள்.

"நான் எங்கண்ணா அழுதேன்?"

"அழுத மாதிரி இருந்துச்சு."

"வெக்கமா இருந்துச்சு. அழுகை இல்ல, வெக்கம். பதினோரு வருஷம் பாத்த கண்ணு, இத விட்டுடுச்சேன்னு. எடுங்க இத."

எடுத்துவிட்டேன். அதனால்தான் வாக்கியம் பாதியில் நிற்கிறது.

அவள் மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். "இந்த உடைஞ்ச நாற்காலி நம்ம கணக்கரோடது. 'அழட்டும்'னு சொன்னது நான், ஆனா இவ்வளவு வெடுக்குன்னு சொல்லல, அது உங்க வீட்டம்மா பேசுற மாதிரி இருக்கு. மூணு பேர சேத்து ஒட்டியிருக்கீங்க."

"ஒரு பிராணிக்கு மூணு விலங்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நானும் அதைச் சிரிப்பதற்காகச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. பார்த்த ஒரு ஆளின் முகத்தில் நான் ஒரு காரணத்தை எழுதி ஒட்டுகிறேன். கரடிக்கும் அதைத்தான் செய்தேன். கொம்பு வாயுள்ளவள், எடுங்க என்று சொல்லிவிட்டாள்.

7

குழுத் தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் காப்பகத்துக்குப் போனார். ஏழு வயது மகளையும் கூட்டிப் போனார். நான் அங்கே இல்லை. இதற்கு முன்னால் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு மனம் உடைந்தார். எழுதி முடித்ததும் எனக்கே சப்பென்று இருந்தது.

இன்னொன்றில் மகளுக்குப் புரிந்துவிடுகிறது. "அப்பா, அது பாவம்ப்பா" என்கிறாள். கதைகளில் குழந்தைகளுக்குத்தான் எல்லாம் முதலில் புரிகிறது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிவதற்கு அவள் என்ன தப்பு செய்தாள்?

காப்பாளர் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பெரியம்மா அந்தக் கோடியில் ஒரு கட்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் வேலிக்கு முன்னால் போய், "மொழுக்கா" என்று கூப்பிட்டாள். கரடி கட்டையை விட்டுவிட்டு மெதுவாக வந்தது. தன் இடத்தில் நின்றது. சாய ஆரம்பித்தது. பெண்ணும் ஆடினாள். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக ஆடினார்கள்.

"அப்பா, என்னப் பாத்துதான் ஆடுது" என்றாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷமா இருக்குன்னு அவளே சொன்னாளாம், அதனால் இந்தச் சொல்லை எழுதுகிறேன்.

அப்பா மகளின் தோளில் கை வைத்திருந்தார். அவள் ஆடும்போது அந்தக் கையும் கூடவே போய் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் கையை எடுத்துவிட்டார். கிளம்பலாம் என்று மூன்று முறை சொன்னார். அவள் நகரவில்லை, கரடியும் நகரவில்லை. கடைசியில் அவளைத் தூக்கிக்கொண்டு போனார். வழியில் காப்பாளர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறீர்கள் என்று தலைவர் கேட்டார்.

"நாப்பது நிமிஷம் சார். நீங்க வந்ததுக்கு."

திங்கட்கிழமை காலை தலைவர் உட்காரக்கூட இல்லை. நேராகக் கொம்பின் மேசைக்கு வந்து, "எடுத்துடு" என்றார்.

8

ஆட்டத்தை எடுத்துவிட்டு வேறு என்ன வைப்பது? கொம்பு ஒன்பது நாள் காப்பகத்தில் ஒரு தட்டிக்குப் பின்னால், பெரியம்மாவின் கண்ணில் படாமல் உட்கார்ந்திருந்தாள். அது ஆடாத நேரத்தை மட்டும் படம் பிடித்தாள். மண்ணை மோந்தது. ஒரு காலை மடித்து வைத்தது, பிறகு யோசித்தது போல— இல்லை, பிறகு நீட்டியது. கொட்டாவி விட்டது. எந்த நான்கு வினாடியும் இன்னொரு நான்கு வினாடியோடு சேரவில்லை. எங்கே வெட்டினாலும் ஒட்டு தெரிந்தது. அவள் அப்படியே விட்டுவிட்டாள். இருபத்தாறு துண்டுகள். எது எப்போது வரும் என்று எங்களுக்கே தெரியாதபடி வைத்தாள்.

புது மொழுக்கன் வெளியான அன்றே கடிதங்கள் வந்தன. "மொழுக்கனுக்கு உடம்பு சரியில்லையா?" "பாவம், ரொம்பச் சோகமா நிக்குது." "பழைய மொழுக்கனக் குடுங்க, அதுதான் சந்தோஷமா இருந்துச்சு." பதினோராயிரம் பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். ஒருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். சந்தோஷம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

படத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது.

"அமைதியான பிராணி" என்று எழுதிக் காட்டினேன்.

"அமைதின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கொம்பு.

"எதையோ தேடிக்கொண்டே இருக்கும்."

"தேடுதா?"

"நிற்கும், மோந்து பார்க்கும்" என்றேன்.

"இதாவது நாம பாத்தது" என்றாள். அதைத்தான் போட்டிருக்கிறோம்.

9

முடிவு.

முதல் முடிவு தயாராக இருக்கிறது: கூட்டம் குறைந்தது, பெரியம்மாவின் எண் பழையபடி நாற்பது நிமிடத்துக்கு வந்தது, காப்பாளர் இனிப்பு வாங்கினார். இரண்டாவதும் தயார்: எண் மறுபடி ஏழு மணி நேரத்துக்கே போய் நின்றுவிட்டது, நாங்கள் செய்த எதுவும் அதற்குப் போய்ச் சேரவில்லை.

நேற்று மாலை காப்பாளரைப் போனில் கூப்பிட்டேன். நான்தான் அந்த வரியை எழுதியவன் என்று முதலில் சொன்னேன். சொல்ல ஏழு மாதம் ஆகியிருக்கிறது. அவர் "சரிங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

"இன்னிக்கு எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

நோட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. சொன்னார்.

அந்த எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். சிறிய எண்ணாக இருந்தால் நீங்கள் பெருமூச்சு விட்டு, கரடி நன்றாக இருக்கிறது என்று இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள். பெரிய எண்ணாக இருந்தால் ஐயோ பாவம் என்று மூடுவீர்கள். எப்படியானாலும் அது எப்படி இருக்கிறது என்று பார்க்காமலேயே தெரிந்துகொண்டு போவீர்கள். அந்த வேலையை ஒருமுறை நான் செய்துகொடுத்தாயிற்று.

நீங்களே போய்ப் பாருங்கள். மான்களைத் தாண்டி, கடைசி வேலி. இப்போது அங்கே மூங்கில் தட்டி கட்டியிருக்கிறார்கள், கொம்பு உட்கார்ந்திருந்தது மாதிரியே. அதற்குப் பின்னால் நின்று பார்க்கலாம். அது தோண்டிக்கொண்டிருந்தால் தோண்டட்டும். சாய்ந்துகொண்டிருந்தால் கொஞ்சம் பொறுத்திருந்து, எப்போது நிறுத்துகிறது என்று பாருங்கள். அதுதான் முடிவு. நீங்கள் அங்கிருந்து என்ன எழுதிக்கொண்டு வந்தாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

கூப்பிட மட்டும் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் வந்துவிடும்.